பிளாப்பி படிக்கவில்லை: விளக்கையும் சத்தத்தையும் வைத்துப் பிழை கண்டுபிடிப்பது

பரணிலிருந்து இறக்கிய ஸ்வீட் டப்பா. உள்ளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய இருபது முப்பது பிளாப்பிகள், அந்தக் காலத்தில் கணினிக் கோப்புகளைச் சேமித்த காந்தத் தட்டுகள். "அப்பா எழுதினதெல்லாம் இதுலதாண்ணே இருக்கு, எடுத்துக் குடுத்துருங்க." வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "ஆன்லைன்ல ஒரு யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கிப் போட்டுப் பார்த்தோம், படிக்கல. நாலஞ்சு தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம்."

வயிற்றைக் கலக்குவது அந்த நாலஞ்சு தடவைதான். பிளாப்பி சுழலும்போது டிரைவின் ஹெட், அதாவது படிக்கும் முனை, அதன் மேல் உரசிக்கொண்டேதான் இருக்கும். தட்டில் பூஞ்சணம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காந்தப் பூச்சு சுரண்டிக்கொண்டு வரும். டிரைவ் போனால் வேறு டிரைவ் காயலான் கடையில் கிடைக்கும். பூச்சு போனால் போனதுதான். அதனால் கீழே உள்ள எல்லா வழிமுறைக்கும் ஒரே கணக்கு: முதல் தடவை படிப்பதையே கடைசித் தடவை என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பழைய டிரைவ்கள் சேர்ப்பது என் பைத்தியம். 3.5 அங்குல 1.44 எம்பி டிரைவ்கள் ஒரு அலமாரி, 5.25 அங்குலத்தில் 360 கேபியும் 1.2 எம்பியும், காமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினிக்கான 1541 டிரைவ் ஒன்று, பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினியோடு வந்த ஒன்று. இவற்றில் மாறி மாறி வரும் கோளாறுகளைத்தான் எழுதியிருக்கிறேன்.

## எதைத் தொடுவதற்கும் முன்

முதலில் எழுத்துத் தடுப்பு. 3.5 அங்குலத்தில் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால் எழுத முடியாது. 5.25 அங்குலத்தில் இதற்கு நேர் எதிர்: ஓரத்து வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூடினால்தான் எழுத முடியாது. எந்தப் புண்ணியவான் இப்படி மாற்றி வைத்தாரோ தெரியாது, இன்றைக்கும் எனக்கே ஒரு நொடி குழப்பம் வரும். ஒளிபுகும் செல்லோடேப் வேண்டாம். சில டிரைவ்கள் அந்த வெட்டை ஒளியை வைத்துத்தான் பார்க்கின்றன.

அடுத்து, 3.5 அங்குலத்தில் இரும்புக் கதவை விரலால் ஒதுக்கிக்கொண்டு, பின்பக்கத்து உலோக வட்டைச் சுற்றித் தட்டை முழுவதும் பாருங்கள். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் எல்லாம் தெரியும். சாம்பல் நிறத் திட்டு, வெள்ளைப் புள்ளி, பஞ்சு மாதிரி படர்வு இருந்தால் பூஞ்சணம். நம் ஊர் ஈரப்பதத்துக்கு, கடலோர ஊர்களில் இருந்து வந்ததென்றால், பூஞ்சணம் இருக்கிறது என்று எண்ணியே தொடங்கலாம். வட்டமாகக் கோடு விழுந்து அதன் வழியாக வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சே இல்லை.

மூன்றாவது, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பிளாப்பியைச் சோதனைக்கென்று தனியாக வைத்திருங்கள். எந்த டிரைவாக இருந்தாலும் முதலில் உள்ளே போவது அதுதான். போய்வந்த பிறகு அதன் தட்டில் புதிதாகக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அந்த டிரைவில் அப்பாவின் பிளாப்பி போகக்கூடாது.

## அறிகுறி 1: விளக்கும் எரியவில்லை, சுழலவும் இல்லை

### யுஎஸ்பி டிரைவ் என்றால்

ஹப்பில் செருகியிருந்தால் கழற்றிக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். இந்த டிரைவ்கள் மோட்டாருக்கான மின்சாரத்தையும் அந்த ஒரு வயரில்தான் இழுக்கின்றன. மேசைக் கணினியில் முன்பக்கத்துத் துளையை விட்டுப் பின்பக்கத்துத் துளையில் போட்டுப் பாருங்கள். அப்படியும் உயிர் இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதுதான் மலிவு. அதைப் பிரித்துப் பழுது பார்ப்பது நேரத்துக்குக் கேடு.

### பழைய கணினிக்குள் இருக்கும் டிரைவ் என்றால்

கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் பிளாப்பி 'இல்லை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டின் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால் இந்த அமைப்பு தானாகவே மாறிவிட்டிருக்கும். பிறகு மின்சார இணைப்பு. 3.5 அங்குல டிரைவுக்கு வரும் நான்கு கால் (பின்) குட்டி இணைப்பைக் கொஞ்சம் அழுத்தினால் ஒரு கால் தள்ளியும் செருகிவிட முடியும். அப்படிச் செருகினால் போகக்கூடாத இடத்தில் மின்சாரம் போய் டிரைவ் அங்கேயே தீர்ந்துவிடும். இருட்டுக்குள் கையை விட்டுத் தடவிச் செருகும் வேலை வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்துச் செருகுங்கள். நான் இப்படி ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

### வீட்டுக் கணினியோடு வந்த டிரைவ் என்றால்

இங்கே அவசரப்பட வேண்டாம். ஸ்விட்ச் போடுவதற்கு முன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து யாரோ பெட்டியில் கொண்டுவந்த காமடோர் என்றால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட் பிளக்கில் மாற்றி அடாப்டர் போட்டுச் செருகினால் புகைதான் வரும்.

காமடோர் 64-இன் பழைய மின்சாரப் பெட்டி இன்னொரு ஆபத்து. அதற்குள் 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி பழுதானால் மின்னழுத்தம் குறையாது, கூடும். கூடினால் கணினியின் நினைவகச் சில்லுகள் வரிசையாகப் போகும். கணினியில் செருகாமல் தனியாக மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 5.2-ஐத் தாண்டினால் அந்தப் பெட்டியை மறந்துவிட்டுப் புதிதாக வேறு ஏற்பாடு செய்யுங்கள். சரியாகக் காட்டினாலும் நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நான் பழைய பெட்டியைப் பயன்படுத்துவதே இல்லை.

பிபிசி மைக்ரோவில் வேறு விதம். பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்தவை இவைதான் என்பதால் எப்போதாவது ஒன்று கையில் சிக்கும். அதன் மின்சாரப் பகுதியில் ஒளிபுகும் மஞ்சள் உறைக்குள் இருக்கும் மின்தேக்கிகள் வயதானால் உறை வெடித்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பல வருடம் கழித்து ஸ்விட்ச் போட்டால் பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடும், பிறகு 'டப்' என்ற சத்தத்தோடு அறை முழுக்கப் புகை. பெரும்பாலும் கணினிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வீட்டில் இருப்பவர்களிடம் வாங்கும் திட்டு பெரிது.

தொழில் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய இடம்: மெயின் மின்சாரம் நேராக வரும் எந்தப் பகுதியும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் நிற்கும். டிவி, யுபிஎஸ் பழுது பார்க்கும் நல்ல மெக்கானிக் ஒருவர் போதும். அவருக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை.

## அறிகுறி 2: விளக்கு எரிந்தது எரிந்தபடியே இருக்கிறது

கணினியைப் போட்டதும் டிரைவ் விளக்கு பற்றிக்கொண்டு அணையவே இல்லை என்றால், பத்துக்கு ஒன்பது முறை தட்டையான கேபிளைத் திருப்பிச் செருகியிருக்கிறீர்கள். பிளாப்பி உள்ளே இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். கேபிள் திரும்பியிருக்கும்போது எல்லாக் கம்பியும் மின்சாரத் தரையோடு (கிரவுண்ட்) சேர்ந்துகொள்ளும். எழுதச் சொல்லும் கம்பியும் அதில் சேர்த்தி. ஹெட் நிற்கும் வட்டத்தில் இருந்ததெல்லாம் சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

கணினியை அணைத்துவிட்டுக் கேபிளின் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். அது டிரைவிலும் மதர்போர்டிலும் ஒன்றாம் கால் பக்கம் இருக்க வேண்டும். சில டிரைவ்களில் ஒன்று என்று அச்சிட்டிருப்பதே இல்லை. அப்போது ஒரு முனையை மட்டும் திருப்பிச் செருகி, சோதனைப் பிளாப்பியோடு பாருங்கள். 5.25 அங்குல டிரைவில் பலகை விளிம்பில் ஒரு ஓரமாக வெட்டு இருக்கும், ஒன்றாம் கால் அந்தப் பக்கம்.

விளக்கு அடங்கியது, ஆனால் டிரைவைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் கேபிளின் முறுக்கைக் கவனியுங்கள். நடுவில் சில கம்பிகள் மட்டும் முறுக்கிக்கொண்டு போகும். அந்த முறுக்கைத் தாண்டிய கடைசி இணைப்பில் இருப்பது ஏ டிரைவ், முறுக்குக்கு முன் இருப்பது பி டிரைவ். இதற்கு மெக்கானிக் வேண்டாம்.

## அறிகுறி 3: சுழல்கிறது, ஆனால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கிறது

'வேண்டாம்' என்று சொல்லுங்கள். என்ன ஆனாலும் சரி, வேண்டாம். வீட்டுக்கு வந்த கணினிப் பையன் 'ஃபார்மட் பண்ணா சரியாயிடும்' என்று சொல்லி எழுத்துத் தடுப்பை எடுத்துவிட்டு 'ஆம்' தட்டிய பிளாப்பிகள் என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றில் எதிலிருந்தும் ஒரு வரிகூட எடுத்துக் கொடுக்க முடிந்ததில்லை.

இந்த அறிகுறிக்குக் காரணங்கள் நிறைய. முதல் கேள்வி இது: எல்லாப் பிளாப்பிக்கும் இப்படியா, இந்த ஒன்றுக்கு மட்டுமா?

### எல்லாப் பிளாப்பிக்கும் கேட்கிறது

ஹெட் அழுக்கு. முந்தைய பிளாப்பியின் பூஞ்சணம் ஹெட்டில் அப்பியிருக்கும், அது அடுத்தடுத்த பிளாப்பியையும் சுரண்டும். ஒரு கெட்ட பிளாப்பி டப்பா முழுவதையும் கெடுப்பது இப்படித்தான்.

செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், 99 சதவீதம் என்று போட்டிருக்க வேண்டும். மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம், தண்ணீர் கலந்தது. டிரைவைப் பிரித்து, காது குடையும் குச்சியை நனைத்து, கீழ் ஹெட்டின் மேல் மெதுவாகத் துடையுங்கள். மேல் ஹெட் மெல்லிய தகட்டுச் சுருளில் தொங்குகிறது. அதை விரலால் தூக்கினால் வளையும், வளைந்தால் டிரைவ் குப்பைக்குத்தான். குச்சியைப் பக்கவாட்டில் நுழைத்து ஒத்தி எடுத்தால் போதும். 1541 போன்ற ஒற்றைப் பக்க டிரைவ்களில் மேலே ஹெட் இருக்காது, ஒரு சின்னக் கம்பளிப் பொட்டு இருக்கும். அதை நனைக்க வேண்டாம்.

குச்சி காப்பிப்பொடி நிறத்தில் வந்தால் அது யாரோ ஒருவருடைய கோப்பு. வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே துடையுங்கள். ஒவ்வொரு ஐந்து பிளாப்பிக்கும் ஒருமுறை, சந்தேகமான பிளாப்பி போய்வந்தால் உடனே ஒருமுறை என்று வைத்துக்கொள்கிறேன்.

சுத்தம் செய்தும் எல்லாவற்றுக்கும் அதே கேள்வி வந்தால் வேறு டிரைவ் போட்டுப் பாருங்கள். 3.5 அங்குல டிரைவ் இன்னும் காயலான் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவின் பழைய சாமான் கடைகளிலும் அகப்படுகிறது.

### இந்த ஒன்றுக்கு மட்டும் கேட்கிறது

ஓட்டை. 3.5 அங்குலத்தில் இரண்டு மூலையிலும் ஓட்டை இருந்தால் அது 1.44 எம்பி வகை, ஒரு மூலையில் மட்டும் என்றால் 720 கேபி வகை. ஆனால் 1.44 எம்பி பிளாப்பியை 720 கேபியாக ஃபார்மட் செய்து பயன்படுத்தியவர்கள் உண்டு. இன்றைய டிரைவ் ஓட்டையைப் பார்த்து ஏமாந்துபோகும். தடுப்பு இல்லாத பக்கத்து ஓட்டையை ஒளிபுகாத டேப்பால் மூடிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எதிர்க் கேஸும் உண்டு: காசை மிச்சம் பிடிக்க 720 கேபி பிளாப்பியில் டிரில்லால் ஓட்டை போட்டு 1.44 ஆக்கியவர்கள். ஓட்டை கோணல்மாணலாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். அவை பெரும்பாலும் அங்கங்கே விட்டுப் படிக்கும்.

இது பிசி பிளாப்பியே அல்ல. லேபிளைப் படியுங்கள். அமிகா கணினியின் 880 கேபி, பழைய மேக்கின்டாஷின் 400, 800 கேபி எல்லாம் வெளித்தோற்றத்துக்கு அதே 3.5 அங்குலம்தான். யுஎஸ்பி டிரைவுக்கு அவை எதுவும் புரியாது, எத்தனை தடவை போட்டாலும் புரியாது. காமடோர் 1541-இன் 170 கேபி, பிபிசியின் 100, 200 கேபி பிளாப்பிகளும் அப்படியே. 5.25 அங்குலத்துக்கு யுஎஸ்பி டிரைவ் என்று கடையில் ஒன்று கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்டு வாரம் ஒரு போன் வருகிறது.

இதற்கு வழி, கிரீஸ்வீசல் மாதிரியான ஒரு சின்னப் பலகை. பழைய பிசி டிரைவை 34 கால் கேபிளால் அதில் மாட்டி, பலகையை யுஎஸ்பியில் செருகினால், கோப்பு என்ன, ஃபார்மட் என்ன என்று எதையும் கேட்காமல் தட்டின் மேல் இருக்கும் காந்தத் துடிப்பை அப்படியே பதிந்து கொடுத்துவிடும். ஒரு பிளாப்பிக்குச் சில பத்து எம்பி ஆகும், ஆகட்டும். இந்தப் பதிவு ஒன்று கையில் இருந்தால் பிளாப்பியைப் பெட்டியில் வைத்துவிட்டு, மற்ற சண்டையெல்லாம் கணினிக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். பத்துப் பிளாப்பிக்கு மேல் இருந்தால் இந்தச் செலவு செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். 1541-ஐயே வைத்துப் படிக்க வேண்டுமென்றால் ஜூம்பிளாப்பி என்ற இணைப்பான் உண்டு. டிரைவ் நல்ல நிலையில் இருந்தால் அதுவும் நன்றாக வேலை செய்கிறது.

பூஞ்சணம். லேசாக இருந்தால் கதவை ஒதுக்கி, ஆல்கஹாலில் நனைத்த குச்சியை வைத்துக்கொண்டு நடு வட்டைச் சுற்றுங்கள். குச்சி நிற்கட்டும், தட்டு சுற்றட்டும். இரண்டு பக்கமும். குச்சியில் கறுப்போ பழுப்போ ஏறினால் உடனே நிறுத்துங்கள், பூச்சே கரைந்து வருகிறது என்று அர்த்தம். காய்வதற்குப் பத்து நிமிடம் விடுங்கள்.

நிறைய இருந்தால் தட்டை வெளியே எடுக்க வேண்டும். 5.25 அங்குல உறையின் மேல் ஓரத்தைக் கத்தரியால் மெல்லிதாக வெட்டினால் தட்டு கையில் வரும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று நடு வளையத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் தடவிக் கழுவி, மறுபடி வெறும் நீரில் அலசி, மின்விசிறிக் காற்றில் நிழலில் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். பழைய உறைக்குள் பூஞ்சணம் அப்படியே இருக்கும் என்பதால் வேறொரு சுத்தமான உறைக்குள் வைத்துத்தான் படிக்க வேண்டும். இந்த வேலையில் முகக்கவசம் போடுங்கள், அடுக்களையில் செய்யாதீர்கள்.

எழுதிய டிரைவின் கோணல். பூஞ்சணம் இல்லை, கோடு இல்லை, லேபிளில் பிசி என்றே போட்டிருக்கிறது, ஆனாலும் படிக்கவில்லை. அப்படியானால் எழுதிய டிரைவின் ஹெட் ஒரு மயிரிழை தள்ளி நின்றிருக்கும். அந்தக் காலத்து டிடிபி கடைகளில் 'எங்க மெஷின்ல ஓடுது, உங்க மெஷின்ல ஓடலன்னா நாங்க என்ன பண்ண' என்று சண்டை நடக்குமே, அது இதுதான். எழுதிய கணினி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, சாக்குப்பை மூடிக் கிடந்த கணினியின் டிரைவைக் கழற்றி வந்து மாட்டியதும், நான்கு டிரைவில் படிக்காத பிளாப்பி எட்டாவது நொடியில் பட்டியலைக் காட்டியது. அந்தக் கணினி கிடைக்காவிட்டால் வெவ்வேறு கம்பெனி டிரைவ்கள் மூன்று நான்கை மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றிலும் கிரீஸ்வீசல் பதிவு எடுத்து, இதில் விட்டதை அதில் என்று ஒட்டுப்போடலாம்.

5.25 அங்குலத்தில் இன்னொரு சூட்சுமம். 360 கேபி பிளாப்பியை 1.2 எம்பி டிரைவ் படிக்கும். ஆனால் அதன் ஹெட் ஒல்லி, அதனால் அதில் எழுதினால் பழைய எழுத்தின் ஓரங்கள் அழியாமல் நிற்கும். அப்படி இரண்டிலும் மாறி மாறி எழுதிய பிளாப்பியை 360 கேபி டிரைவில் போட்டால் இரண்டு குரலும் சேர்ந்து கேட்டு உளறும். 1.2 எம்பி டிரைவில் போட்டால் படித்துவிடும்.

தொழில் தெரிந்தவர்: டிரைவின் ஹெட்டை நீங்களே திருகி நேராக்க முயல வேண்டாம். அதற்கு அளவுப் பிளாப்பியும் ஆஸிலோஸ்கோப்பும் வேண்டும். நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய ஆவணம், ஒரே பிரதி ஆய்வேடு போன்றவை என்றால் மேலே உள்ள கழுவும் வேலையைக்கூட நீங்கள் செய்ய வேண்டாம், தரவு மீட்பு நிறுவனத்திடம் கொடுங்கள். கொடுக்கும் முன் 'ஹார்ட் டிஸ்க் அல்ல, பிளாப்பி; இதற்கான கருவி உங்களிடம் இருக்கிறதா' என்று நேராகக் கேளுங்கள். பலரிடம் அதே யுஎஸ்பி டிரைவ்தான் இருக்கும்.

## அறிகுறி 4: போன பிளாப்பியின் பட்டியலே மறுபடி வருகிறது

ஒரு பிளாப்பியை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுகிறீர்கள். திரையில் பழைய பிளாப்பியின் கோப்புகளே நிற்கின்றன. பலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். எனக்கு இருப்பதிலேயே பயமான அறிகுறி இதுதான். பிளாப்பி மாறியது கணினிக்குத் தெரியவில்லை. இந்த நிலையில் எதையாவது எழுதினால் பழைய பிளாப்பியின் கணக்கை வைத்துக்கொண்டு புதிய பிளாப்பியின் மேல் எழுதும். எழுத்துத் தடுப்பு போட்டிருந்தால் பிழைத்தீர்கள்.

'மாறிவிட்டது' என்று சொல்லும் கம்பி கேபிளின் 34-ஆவது கால். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், மடங்கி மடங்கிக் கடைசிக் கம்பி விட்டுப்போயிருக்கும். கேபிள் சரி என்றால் டிரைவில் பிளாப்பி வந்ததை உணரும் குட்டிச் சுவிட்சுக்குள் தூசி. காற்றடித்து, ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுப் பத்துத் தடவை அமுக்கி விடுங்கள். அமிகா போன்றவற்றிலிருந்து கழற்றிய டிரைவ் என்றால் அந்தக் காலில் வேறு செய்தி வரும். அதைப் பிசியில் மாட்டினால் இந்தக் கோளாறு இயல்பு, டிரைவின் ஜம்பரை, அதாவது குட்டி இணைப்புத் துண்டை, மாற்ற வேண்டும்.

## அறிகுறி 5: கீச்சென்று சத்தம்

உடனே வெளியே எடுங்கள். படித்து முடிக்கட்டும் என்று ஒரு நொடிகூடக் காத்திருக்க வேண்டாம்.

கீச்சென்று கத்துவது தட்டும் ஹெட்டும் ஒட்டிக்கொண்டு உரசுவது. பெரும்பாலும் பூஞ்சணம், இல்லையென்றால் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தில் இளகிப் பிசுபிசுத்திருக்கும். ஹெட்டைத் துடையுங்கள். சோதனைப் பிளாப்பியைப் போட்டு, சத்தம் டிரைவிலா பிளாப்பியிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் என்றால் மேலே சொன்ன கழுவல். பிசுபிசுப்பு என்றால் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு வாரம் விட்டுவிட்டுப் பிறகு ஒரே ஒரு முறை முயலுங்கள். மறுபடி கத்தினால் நம் கையில் இல்லை, மீட்பு நிறுவனம்தான்.

## அறிகுறி 6: டக டக டகவென்று இடிக்கிறது, அல்லது கிர்ரென்று முக்குகிறது

1541 என்றால் டகடகவென்ற இடி அதன் பிறவிக் குணம். ஹெட் முதல் வட்டத்துக்கு வந்துவிட்டதைச் சொல்லும் உணரி அதில் கிடையாது. அதனால் வழி தவறினால் சுவரில் முட்டும்வரை போய்த் திரும்பும். எப்போதாவது இடித்தால் கவலை வேண்டாம். ஒவ்வொரு பிளாப்பிக்கும் இடித்துக்கொண்டே இருந்தால், இத்தனை வருட முட்டலில் ஹெட் இடம் பெயர்ந்திருக்கும். அதை நேராக்கத் தெரிந்த ஆளைத் தேடுங்கள்.

பிசி டிரைவில் கிர்ரென்று முக்கிவிட்டு ஹெட் நகராமல் நின்றால், அது போய்வரும் தண்டில் முப்பது வருடத்துக் கிரீஸ் கோந்தாகக் காய்ந்திருக்கும். மின்சாரத்தை எடுத்துவிட்டுப் பழையதை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையளவு விடுங்கள். ஊசி முனையளவு என்றால் அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தார் ஒருவர், மார்கழியில் அது உறைந்துபோய் மறுபடி பிரித்தோம்.

துடைத்தும் நகரவில்லை, பலகையைச் சுற்றி மீன் கவிச்சி மாதிரி வாடை வருகிறது என்றால் சின்ன மின்தேக்கிகள் கசிந்திருக்கின்றன. எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்கத்து டிரைவ்களில் இது அடிக்கடி. செல்போன் பலகையில் சாலிடரிங் செய்கிறவர் மாற்றிவிடுவார். பொதுவான 1.44 எம்பி டிரைவுக்கு இந்தச் செலவு வேண்டாம், அபூர்வமானவற்றுக்கு மட்டும்.

## அறிகுறி 7: மெதுவாகச் சுழல்கிறது, அல்லது மோட்டார் சத்தம் வருகிறது, தட்டு சுழலவில்லை

பெல்ட். ஆம்ஸ்டிராட் கணினியின் 3 அங்குல டிரைவ் என்றால் பார்க்கவே வேண்டாம், பெல்ட்தான். ரப்பர் தளர்ந்திருக்கும், இல்லை உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும். பழைய 5.25 அங்குல டிரைவ்கள் பலவற்றிலும் பெல்ட் உண்டு. தாரை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அதே சுற்றளவில் தட்டையான பெல்ட் போடுங்கள். டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கும் கடைகளில் டப்பா நிறைய வைத்திருப்பார்கள். ரப்பர் பேண்டு போட்டுப் படிக்கவைத்தேன் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

பெல்ட் மாற்றியதும் வேகம் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான டிரைவ்கள் நிமிடத்துக்கு 300 சுற்று, 1.2 எம்பி மட்டும் 360. கிரீஸ்வீசல் இருந்தால் அதுவே அளந்து சொல்லும், இரண்டு மூன்று சுற்று முன்பின் இருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் டிரைவைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடிச் சக்கரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இரண்டு வளையமாக, 50 என்றும் 60 என்றும் போட்டிருக்கும். பழைய சோக்கு வைத்த டியூப் லைட்டுக்குக் கீழே ஓடவிட்டால் 50 வளையம் அசையாமல் நிற்பது போலத் தெரிய வேண்டும். முன்னால் நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னால் நகர்ந்தால் குறைவு, பலகையில் உள்ள சின்னத் திருகைத் தொட்டுச் சரிசெய்யலாம். எல்இடி விளக்கில் இது பெரும்பாலும் தெரியாது. இதற்காகவே என் வேலை மேசைக்கு மேல் ஒரு டியூப் லைட்டை மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

## அறிகுறி 8: பட்டியல் வருகிறது, பாதிக் கோப்பில் நின்றுவிடுகிறது

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: டிரைவ் சரி, ஃபார்மட் சரி, சில இடங்கள் மட்டும் பழுது. கோப்பை இழுத்து ஒட்டும் வேலையை நிறுத்துங்கள். விண்டோஸ் பழுதான இடத்திலேயே மறுபடி மறுபடி முட்டும், ஒவ்வொரு முட்டலும் ஒரு உரசல்.

லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு முழுப் பிளாப்பியையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுங்கள். முதல் ஓட்டத்தில் மறுமுயற்சி பூஜ்யம் என்று வையுங்கள். நல்ல இடமெல்லாம் முதலில் வந்துவிடும். 1.44 எம்பி பிளாப்பியின் முழு பிம்பம் 14,74,560 பைட் இருக்க வேண்டும். பிறகு ஹெட்டைத் துடைத்து, பிளாப்பியை எடுத்து மறுபடி போட்டு, விட்ட இடங்களுக்கு மட்டும் இரண்டு மூன்று முயற்சி. அடுத்தது வேறு டிரைவ், எது வந்தது, எது விட்டது என்று நிரல் எழுதிவைக்கும் அதே குறிப்புக் கோப்போடு. இப்படி மூன்றாவது டிரைவில் கடைசித் துண்டு கிடைத்த நாட்கள் உண்டு. கிடைக்காவிட்டால், எழுத்துக் கோப்பில் அரை கேபி ஓட்டை பெரிய இழப்பு இல்லை. உரியவரிடம் காட்டி, போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள்.

## அறிகுறி 9: எல்லாம் வந்துவிட்டது, திறந்தால் கிறுக்கல்

பிளாப்பி பிழைத்தது, தமிழ் பிழைக்கவில்லை. இது பழுதல்ல, எழுத்துருக் குழப்பம்.

எழுத்தெல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி எழுத்துரு வகை. அதில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். இலங்கையிலிருந்து வந்த கோப்புகளில் இதை முதலில் சந்தேகப்படுங்கள். தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்து, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் ஒழுங்காக இருந்தால் திஸ்கி, அல்லது 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டேப் என்ற தமிழ்க் குறியேற்றமாக இருக்கலாம். என்எச்எம் கன்வெர்ட்டரில் ஒரு பத்தியை மட்டும் போட்டு ஒவ்வொரு குறியேற்றமாக மாற்றிப் பாருங்கள். சரியானது வந்ததும் மொத்தக் கோப்பையும் போடலாம். மூலத்தின் மேலேயே சேமிக்காதீர்கள்.

ஆங்கிலக் கோப்பில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்து மட்டும் கெட்டிருந்தால் அது வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்து மென்பொருள். அதை மாற்றித் தரும் சிறு நிரல்கள் உண்டு.

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பு என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த மென்பொருளும் அந்த எழுத்துருவும் ஒரே கணினியில் இருந்தால்தான் பக்கம் பக்கமாகத் தெரியும். இங்கே கூப்பிட வேண்டிய தொழில்காரர் தரவு மீட்பு நிறுவனத்தில் இல்லை. உங்கள் ஊரிலேயே பழைய அச்சகம் ஒன்றில், இருபத்தைந்து வருடமாகத் திருமணப் பத்திரிகை போட்டுக்கொண்டிருக்கும் டிடிபி ஆபரேட்டர் இருப்பார். இணையத்தோடு சேர்க்காத ஒரு எக்ஸ்பி கணினியை அவர் இன்னும் விடாமல் வைத்திருப்பார். கிறுக்கலைத் திரையில் காட்டினால் எழுத்துருவின் பெயரை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள், முகூர்த்த மாதம் இல்லாத நாளாகப் பார்த்து.